ஐந்நூறு ரூபாய்க் கிழக்கு

ரிச்சி தெருவில் என் கண்ணெதிரேதான்
முத்திரையைக் கிழித்தான்.
யார் கையும் படாத போன் என்றான்.
திறந்தால் உள்ளே ஏற்கெனவே
முப்பத்தெட்டுக் குடித்தனம்.

பங்குச் சந்தை ஒன்று. எனக்கு.
சைதாப்பேட்டை ஸ்டேஷன் ஸ்டாண்டில்
டோக்கன் கிழிக்கிற எனக்கு
நிமிஷத்துக்கொரு முறை சிவப்பு, பச்சை.
கோல்ஃப் ஒன்று.
நான் கடைசியாகப் புல்லை மிதித்தது
நந்தனம் மைதானத்தில், ஒரு கட்சிக் கூட்டத்துக்கு,
தலைக்கு இருநூறு, பிரியாணி தனி.
உடல்நலம் ஒன்று. ராத்திரி பத்துக்கு மினுங்கி
'இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை' என்கிறது.
போனை மேசையில் வைத்துவிட்டுத்தானே
நானூறு வண்டியை நகர்த்தினேன்,
அதற்கு எப்படித் தெரியும்.

அழுத்திப் பிடித்தால்
நான் ஏற்றியவற்றுக்கு 'நிறுவல்நீக்கு' வருகிறது.
இவற்றுக்கு 'முடக்கு' மட்டும்.
சிலவற்றுக்கு அந்தச் சொல்லும் சாம்பல் நிறத்தில்,
விரல் பட்டாலும் அசையாமல்.

எனக்குப் பழகிய சாம்பல்தான் அது.
சூளைமேட்டில் ஒன்றரை அறை.
சாவி கொடுக்கும்போதே வீட்டுக்கார அம்மா சொன்னார்:
'அந்த பீரோ மட்டும் இருக்கட்டும் எஸ்தர்,
பூட்டித்தான் இருக்கு, ஒண்ணும் பண்ணாது.'
நாலு வருஷமாக ஒன்றும் பண்ணவில்லை.
நாங்கள்தான் அதைச் சுற்றிப் படுக்கிறோம்.

போன செவ்வாய், பல்சர்காரர் ஒருவர்
டேங்க் கீறல் இங்கேதான் விழுந்தது என்று கத்தினார்.
படம் எடுக்கப் போனேன். 'சேமிப்பிடம் இல்லை.'
அவர் முன்னாலேயே அழிக்கத் தொடங்கினேன்:
தங்கச்சி நிச்சயதார்த்தம்,
தண்ணி லாரி வந்த அன்றைக்கு நின்ற குடங்கள்,
மகன் முதன்முதலாகத் தானே கட்டிய ஷூ லேஸ்.
எனக்குச் சொந்தமானவை மட்டும்தான்
அழிய ஒப்புக்கொண்டன.

மறுநாள் அதே தெருவுக்குப் போனேன்.
மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, பெயர் இம்தியாஸ்.
ஒயரைச் செருகி லேப்டாப்பில்
ஒரு வரி தட்டினார். கோல்ஃப் போனது.
இன்னொரு வரி. பங்குச் சந்தை.
'நிஜமாவே போயிடுச்சா?'
'உங்க கண்ணுக்குப் போயிடுச்சுக்கா.
அடியில இருக்கும். அப்டேட் தின்ன இடம்தான் மிச்சம்.
ரீசெட் பண்ணீங்கன்னா
பெட்டி படுக்கையோட திரும்பி வந்துடும்.'
நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.
அந்தத் தெருவில் இவ்வளவு உண்மையாக
யாரும் என்னிடம் பேசியதில்லை.

பட்டியலின் கடைசியில் திசைகாட்டி.
எடுத்துடவா என்றார்.
'அது மட்டும் இருக்கட்டும்' என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது,
அது வீட்டுக்கார அம்மாவின் குரல்.

கிழக்கு பார்த்த வாசல்
என்பதற்காக எங்களுக்கு மாசம் ஐந்நூறு கூட.
வாஸ்து எனக்கில்லை.
காலை வெயிலில் யூனிஃபார்ம் காயுமே என்று
தலையாட்டிவிட்டேன். ஒரு நாளும் காய்ந்ததில்லை.
ராத்திரி வாசற்படியில் நின்று போனைத் திறந்தேன்.
கிழக்கு என்றது முள்.
ஒரு படி இறங்கினேன். தென்கிழக்கு.
தெரு நடுவுக்குப் போனேன்,
நாய் ஒன்று எழுந்து இடம் விட்டது.
தெற்கு.
சுத்தமான தெற்கு.
திரும்பி வந்தால் கதவருகில் மறுபடி கிழக்கு.
கதவுக்குப் பின்னால் அரை முழத்தில் பீரோ.
இரும்பு.

இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்,
உள்ளே ஒன்று, தெருவில் ஒன்று.
இந்த முறை இடம் இருந்தது.
இரண்டையும் அனுப்பி
'பீரோவை எப்பம்மா எடுப்பீங்க' என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.
டிக் இரண்டும் நீலமாகிவிட்டன.
தட்டச்சு செய்கிறார் என்று காட்டுகிறது,
நிற்கிறது,
மறுபடி காட்டுகிறது.